கனடாக் கப்சூலா, ஒடியல் கூழா?

கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு மூன்று முறை தடிமன் பிடித்துவிட்டது. வயது 71. இருபது வருடமாகச் சீனி வருத்தம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால், இரத்தம் கட்டிபடாமல் இருக்க வோபரின் குளிசையும் எடுக்கிறார். அதற்காக மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்து, அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண்ணைப் பார்த்து வரவேண்டும்.

தடிமன் பிடித்தது அம்மாவுக்கு, வைத்தியம் சொன்னது ஊர் முழுக்க. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் ரெய்ஷி காளான் கப்சூல் இரண்டு போத்தல் கொடுத்துவிட்டார். கொக்குவில் மாமி தன் முற்றத்துக் கற்றாழையை வெட்டிக்கொண்டு வந்து, வெறுவயிற்றில் சாறு குடிக்கச் சொல்லி ஒரு காணொளியும் காட்டினார். ஆள் சேர்த்து விற்கும் வியாபாரத்தில் இறங்கியிருக்கும் உறவுக்காரப் பெடியன் ஒருவன் கடற்பாசிச் சாற்றுப் பெட்டியோடு வந்து இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனான். அம்மா ஒன்றையும் கணக்கில் எடுக்கவில்லை. "ஒடியல் கூழ் காய்ச்சிக் குடிச்சா உது தன்பாட்டில போயிடும் பிள்ளை" என்றுவிட்டார். காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ் அது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். போத்தல், பெட்டி, காணொளி மூன்றிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்தேன்: பல்சக்கரைட்டு. இயற்கையான பல்சக்கரைட்டு நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாம், ஒட்சியேற்ற எதிரியாகவும் வேலை செய்யுமாம். வேடிக்கை என்னவென்றால் அம்மாவின் கூழும் பல்சக்கரைட்டுத்தான். ஆகவே நாலையும் ஒரே தராசில் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன். மழை நாட்களில் வேறு என்ன வேலை.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னால், வெல்ல மூலக்கூறுகள் மாலை கோத்ததுபோல் நீண்டு கிடப்பதுதான் பல்சக்கரைட்டு. சோற்றின் மாப்பொருள் அதில் ஒன்று. தாவரச் சுவரின் செலுலோசு, ஊறிய வெந்தயத்தை வழவழக்க வைக்கும் கலக்ரோமன்னன், பழங்களின் பெக்ரின், ஓட்ஸிலும் காளானிலும் உள்ள பீற்றா குளுக்கன், கற்றாழையின் அசிமன்னன், பழுப்புக் கடற்பாசியின் பியூக்கோயிடன் எல்லாம் அதே சாதி. இவற்றில் எங்கள் உடம்பு தானாகச் சமிக்கச் செய்யக்கூடியது மாப்பொருளை மட்டும்தான். மற்றவற்றை வெட்டுவதற்கு எங்களிடம் நொதியம் இல்லை. அவை சிறுகுடலை அப்படியே கடந்து, பெருங்குடலில் குடியிருக்கும் பற்றீரியாக்களின் பந்தியில் போய் விழுகின்றன. பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூற்றிரேற்று என்ற சிறிய கொழுப்பமிலங்களை விடுகின்றன. பெருங்குடல் சுவரின் கலங்களுக்குப் பியூற்றிரேற்றுத்தான் முக்கியமான சாப்பாடு. குடலோரத்தில் நோயெதிர்ப்புக் கலங்கள் கூட்டமாக இருக்கின்றன. அவற்றின் போக்கையும் இந்த அமிலங்கள் மாற்றுகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. காளான், மதுவம் போன்ற பங்கசுகளின் கலச்சுவரில் பீற்றா குளுக்கன் நிறைய இருக்கிறது. அதை அடையாளம் காண்பதற்கென்றே எங்கள் வெண்குருதிக் கலங்களில் டெக்ரின்-1 என்ற வாங்கிப் புரதம் இருக்கிறது. அதன் வேலை இதுதான் என்று 2001இல் ஒக்ஸ்போட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பீற்றா குளுக்கன் வந்து ஒட்டியதும், பங்கசு உள்ளே வந்துவிட்டது என்று கலம் உசாராகிறது. கப்சூல் விற்பவர்கள் தூக்கிப் பிடிப்பது இந்த வழியைத்தான். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த வாங்கிப் புரதம் இருக்கிறது என்பதற்கும், வாயால் விழுங்கிய அரைக் கிராம் தூளால் அம்மாவின் தடிமன் குறையும் என்பதற்கும் இடையில் நிறையத் தூரம் கிடக்கிறது.

ஒட்சியேற்ற எதிரிக் கதை

இந்தக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் முடிவுக்கு அது உதவவே இல்லை.

கடற்பாசிப் பெடியன் வாய் ஓயாமல் சொன்னது இதைத்தான்: "அக்கா, இதில அன்ரிஒக்ஸிடன்ற் தோடம்பழத்தை விட எத்தனையோ மடங்கு." அந்த மடங்குக் கணக்கு எங்கிருந்து வருகிறது? டிபிபிஎச் என்று ஓர் ஊதா நிறக் கரைசல் இருக்கிறது. ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதை அளந்து ஓர் எண் போடுவார்கள். ஆய்வுகூடத்துக்கு அழகான பரிசோதனை. ஆனால் பரிசோதனைக் குழாய்க்குக் குடல் இல்லை. பல்சக்கரைட்டு மிகப் பெரிய மூலக்கூறு. முழுசாக இரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் ஓடித் திரிந்து ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னொரு விஷயம், சாற்றைப் பிரித்தெடுக்கும்போது பல்சக்கரைட்டோடு பீனோல் சேர்வைகளும் புரதமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நிறத்தை வெளிறச் செய்வது பல நேரம் அந்த ஒட்டுண்ணிகள்தான். சுத்தமாக்கச் சுத்தமாக்க எண் இறங்கிவிடும்.

அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஒரு காலத்தில் இப்படி உணவுகளுக்கு எண் போட்டு ஓராக் என்ற அட்டவணை வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை, வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு 1994இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு ஒன்று இருக்கிறது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்தது. பீற்றா கரோட்டீன் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அது பல்சக்கரைட்டு இல்லைதான், ஆனால் ஒட்சியேற்ற எதிரி என்ற பெயருக்காக மட்டும் எதையும் விழுங்க வேண்டாம் என்பதற்கு அது போதும்.

ஆகவே தராசிலிருந்து இந்தப் படிக்கல்லை எடுத்துவிட்டேன். மிஞ்சியது நாலு கேள்வி: மனிதரில் பார்த்த ஆதாரம் இருக்கிறதா, வேலை செய்யும் அளவு உள்ளே போகிறதா, அம்மாவின் குளிசைகளோடு மோதுமா, அம்மா அதைச் சாப்பிடுவாரா. கடைசிக் கேள்வியை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அதுதான் முதல் கேள்வி.

அண்ணாவின் போத்தல்

காளான் பல்சக்கரைட்டு மருந்தாகவே இருந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அண்ணாவுக்கு அநியாயம். ஷிடாகே காளானிலிருந்து லென்ரினனை 1969இல் கோரோ சிஹாரா என்ற ஜப்பானியரும் அவருடைய குழுவும் பிரித்தெடுத்தார்கள். பின்னர் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. ஆனால் லென்ரினனை ஊசியாக நாளத்துக்குள்தான் ஏற்றினார்கள். இன்னொரு காளானிலிருந்து எடுத்த பிஎஸ்கே என்ற மருந்தை 1977இல் அங்கே அனுமதித்தார்கள். அதை வாயால் எடுத்தார்கள், அளவோ நாளுக்குக் கிராம் கணக்கில், அதுவும் டொக்டரின் மேற்பார்வையில். "ஜப்பானில ஆஸ்பத்திரியில குடுக்கினம்" என்று அண்ணா சொன்னது இதைக் கேள்விப்பட்டுத்தான். கொடுத்தது வேறு காளான், வேறு நோய், வேறு அளவு.

ரெய்ஷியைப் பொறுத்தவரை, புற்றுநோயாளரில் நடந்த பரிசோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2016இல் மீண்டும் கூட்டிப் பார்த்தது. அதை முதன்மைச் சிகிச்சையாகக் கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, வழக்கமான சிகிச்சையோடு துணையாகக் கொடுப்பதை யோசிக்கலாம் என்பதுதான் முடிவு. சில நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. எண்ணிக்கை கூடினால் தடிமன் குறையும் என்று அதற்குப் பொருளில்லை. தடிமனையே நேரடியாகப் பார்த்தது மதுவத்திலிருந்து எடுத்த பீற்றா குளுக்கனில்தான். சில பரிசோதனைகளில் வருத்த நாட்கள் கொஞ்சம் குறைந்தன, சிலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவற்றில் பலவற்றுக்குக் காசு கொடுத்தவர்களும் அதை விற்பவர்களே.

இனி அளவு. கப்சூல் ஒன்று 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு, பல்சக்கரைட்டு 30 சதவீதம் என்று போத்தலில் அச்சிட்டிருந்தது. அப்படியானால் நாளுக்கு 300 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டியின் மூலையில் ஒட்டிக்கொள்ளும் அளவு. சரி, அந்த 300 மில்லிகிராமும் என்ன பல்சக்கரைட்டு? மாப்பொருளும் பல்சக்கரைட்டுத்தானே! காளானின் பூசண இழையைத் தானியத்தின் மேல் வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துத் தூளாக்கும் வழக்கம் இந்த வியாபாரத்தில் இருக்கிறது. அதனால் ஒரு கப்சூலைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், பிரித்து, தண்ணீரில் சூடாக்கி, ஆறவிட்டு, இரண்டு துளி அயடீன் விட்டேன். கருநீலம். பக்கத்தில் ஒப்பிட வைத்திருந்த சோற்றுக் கஞ்சிக்கு ஏறத்தாழ அதே நிறம். கப்சூலை நிரப்பப் போட்ட மாவாகவும் இருக்கலாம், காளான் வளர்ந்த தானியமாகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் டொலர் கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு, சுன்னாகம் சந்தையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் சாமான். நல்ல கம்பனிகள் பல்சக்கரைட்டு என்று பொதுவாகப் போடாமல், பீற்றா குளுக்கன் இத்தனை, மாப்பொருளாகிய அல்பா குளுக்கன் இத்தனை என்று தனித்தனியாக அச்சிடுகின்றன. வாங்கத்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் அந்த இரண்டு எண்களையும் தேடிப் பார்க்கட்டும்.

ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை கப்சூலைத் தள்ளியது ஆதாரமும் இல்லை, அயடீனும் இல்லை. ரெய்ஷி குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது. வோபரின் எடுக்கிறவருக்கு அதைக் கொடுத்தால் இரத்தக் கசிவு வரும் ஆபத்துக் கூடலாம். கிளினிக் டொக்டரிடம் போத்தலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நிற்பாட்டுங்கோ, அல்லது இதுக்கேத்த மாதிரி ஒவ்வொரு கிழமையும் வாங்கோ" என்றார். ஒவ்வொரு கிழமையும் அந்த வரிசையில் நிற்பதை நினைத்ததும் அம்மாவே முடிவைச் சொல்லிவிட்டார்.

கற்றாழை, கடற்பாசி

மாமியின் கற்றாழையைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கற்றாழைச் சோற்றில் 100 கிராமுக்கு 98, 99 கிராம் தண்ணீர். மிச்சத்தில் ஒரு பகுதிதான் அசிமன்னன். அமெரிக்காவில் 1991இல் அதற்கு ஓர் அனுமதி கிடைத்தது, நாய் பூனைகளுக்கு வரும் ஒருவகைக் கட்டிக்கு ஊசியாகப் போட. அந்தக் காணொளியில் நாய் பூனையைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

பிரச்சினை சோற்றில் இல்லை, தோலுக்கும் சோற்றுக்கும் இடையிலிருந்து வடியும் மஞ்சள் பாலில். அதிலுள்ள அலோயின் வயிற்றைப் பிடுங்கிப் பேதி ஆக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் அதைக் கடையில் வாங்கும் பேதி மருந்துகளிலிருந்து நீக்கியது. கற்றாழை முழு இலைச் சாற்றை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற 2பி வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் சேர்த்திருக்கிறது. எலிகளின் குடலில் கட்டிகள் கண்டதால். எங்கள் சித்த வைத்தியத்தில் கற்றாழைச் சோற்றை ஏழு தரம் கழுவி எடுக்கச் சொல்வதும், காய்ந்த பாலைக் கரியபோளம் என்று தனி மருந்தாகப் பிரித்து வைத்திருப்பதும் சும்மா இல்லை. மாமி வெட்டியவுடன் மிக்ஸியில் அடித்தார், கழுவவில்லை. அம்மாவுக்குப் பேதியானால் பொட்டாசியம் குறையும், ஐஎன்ஆர் ஆடும், சீனியும் ஆடும். வேண்டாம். தீக்காயத்துக்கும் தலைக்கும் பூசுவதானால் மாமியின் கற்றாழை மிக நல்லது, அதை மாமியிடமும் சொன்னேன், அவருடைய முகம் கொஞ்சம் கறுத்தது.

கடற்பாசி எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம். எங்களைச் சுற்றிக் கடல். காங்கேசன்துறைப் பக்கம் கரையில் ஒதுங்கும் பழுப்புப் பாசியின் வழுவழுப்பில் பியூக்கோயிடன் இருக்கிறது. 1913இல் சுவீடனில் ஹரால்ட் கைலின் என்பவர் அதை முதலில் பிரித்தெடுத்தார். குழாய்க்குள்ளும் எலியிலும் அது காட்டும் வித்தைகள் நிறைய. மனிதரில் தடிமனுக்கென்று நம்பிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதன் சல்பேற்றுக் கூட்டங்கள் காரணமாக அது ஹெப்பாரினைப் போல இரத்தம் உறைவதைத் தடுக்கும். அம்மாவுக்கு அந்த ஒரு வரியோடு கதை முடிந்தது. பாசி கடல்நீரில் உள்ளதையெல்லாம் உறிஞ்சிச் சேர்ப்பது என்பதும் நினைவிருக்கட்டும். ஹிஜிகி என்ற பாசியில் ஆசனிக்கு மிகக் கூடுதலாக இருந்ததால் அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரித்தானியாவில் 2004இல் எச்சரித்தார்கள். ஆகவே கரையில் பொறுக்கிக் காய்ச்சிக் குடிக்கும் யோசனை யாருக்கும் வரவேண்டாம்.

நோன்பு காலத்தில் கடைகளில் கூடுதலாகத் தெரியும் வெள்ளைக் கடற்பாசி வேறு. அது அகார். அதைக் காய்ச்சி ஊற்றிய தட்டில்தான் உலகம் முழுக்கப் பற்றீரியா வளர்க்கிறார்கள். 1881இல் ஜேர்மன் பற்றீரியா ஆய்வாளர் ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்துக்கு அந்த யோசனை போனது, அங்கே வேலை செய்த ஒருவரின் மனைவியான ஃபனி ஹெஸ்ஸவின் குசினியிலிருந்து. அகார் ஏன் வாகாக இருந்தது? பெரும்பாலான பற்றீரியாக்களால் அதைத் தின்ன முடியாது, அதனால் தட்டு கரையாமல் நிற்கும். இதையே குடலுக்குப் பொருத்திப் பாருங்கள். குடலில் உள்ளவை தின்னாவிட்டால் பியூற்றிரேற்று எங்கிருந்து வரும்? ஜப்பானியரில் சிலரின் குடல் பற்றீரியா மட்டும் நோரிப் பாசியை வெட்டும் நொதியத்துக்கான மரபணுவைக் கடல் பற்றீரியாவிடமிருந்து பெற்றிருக்கிறது என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. தலைமுறை தலைமுறையாகப் பாசியை வேகவைக்காமல் சாப்பிட்ட பலன். ஒரு தேசத்தின் குடலுக்குப் பொருந்துவது இன்னொரு தேசத்தின் குடலுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை.

பானைக்குள் இருப்பவை

இப்போது அம்மாவின் பக்கம். பக்கம் சாயாமல் சொல்லப் பார்க்கிறேன், ஆனால் எனக்கும் கூழ் பிடிக்கும்.

ஒடியல் என்பது பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டிலும் பெரும்பகுதி மாப்பொருள், அதோடு தும்பு. மாப்பொருளை அவித்து ஆறவிட்டால் அதில் ஒரு பங்கு மீண்டும் இறுகிவிடும். எங்கள் நொதியத்துக்கு அது மசியாது, பெருங்குடல் வரை போய் நார்ப்பொருளைப் போலவே பற்றீரியாவுக்குச் சாப்பாடாகும். பின்னேரத் தேத்தண்ணியோடு புழுக்கொடியல் கடித்தால் நெடுநேரம் பசிக்காததற்கு அதுவும் ஒரு காரணம், பல்லுக்குக் கிடைக்கும் வேலை மற்றக் காரணம். ஆனால் பனங்கிழங்கு மாவுக்கும் ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை ஆய்வாளர்கள் அந்த மாவை எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் பாதிப்பைக் கண்டார்கள். நரம்பைப் பாதிக்கும் பொருளும் அதில் உண்டு, சூட்டில் அது குறைகிறது. எங்கள் ஆச்சிமார் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்புத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, பிறகு நன்றாகக் கொதிக்கவைத்தது கசப்புக்காக மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவசரத்தில் அந்தப் படியை விடாதீர்கள்.

சீனி வருத்தக்காரருக்குக் கூழ் மருந்தாகாது, அது ஒரு நேரச் சாப்பாடு. கூழ் குடித்த நேரம் சோறு இல்லை என்று அம்மாவோடு உடன்பாடு. பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, மீன், நண்டு, இறால் எல்லாம் விழுவதால் புரதமும் நாரும் சேர்ந்தே போகின்றன. முருங்கையிலையில் மட்டும் ஒரு கட்டுப்பாடு: வோபரின் எடுப்பவர் கீரையைத் தவிர்க்க வேண்டியதில்லை, ஆனால் கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு கிழமை ஒன்றுமில்லை, அடுத்த கிழமை சட்டி நிறைய என்றால் வைற்றமின் கே மாறி ஐஎன்ஆர் தாறுமாறாகும்.

அளவுக் கேள்வியில்தான் பானை வெல்கிறது. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. மில்லிகிராம் இல்லை, கிராம். குரக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் நார் இருக்கிறது, தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராமும் தேறாது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீற்றா குளுக்கன் நாளுக்கு 3 கிராம் போனால் கொலஸ்திரோல் குறைகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இலேயே ஓட்ஸ் பெட்டியில் இதயத்துக்கு நல்லது என்று அச்சிட அனுமதித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதற்கு முக்கால் கோப்பைக்கு மேல் உலர் ஓட்ஸ் வேண்டும். கவனிக்க வேண்டியது, தானியத்தின் பீற்றா குளுக்கன் வேறு, காளானின் பீற்றா குளுக்கன் வேறு. பெயர் ஒன்று, மாலை கோத்த விதம் வேறு. டெக்ரின்-1 விரும்பிப் பிடிப்பது காளானுடையதை. பார்லி வாங்குபவர்கள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மணியை எறிவதை நிறுத்தினால் பாதிப் பலன் வீட்டிலேயே நிற்கும்.

185 ஆய்வுகளையும் 58 மருத்துவப் பரிசோதனைகளையும் கூட்டிப் பார்த்த ஒரு கட்டுரை 2019இல் லான்செற் என்ற மருத்துவ இதழில் வந்தது. நார்ப்பொருள் நிறையச் சாப்பிட்டவர்களில் எல்லாக் காரண மரணமும் 15 முதல் 30 சதவீதம் குறைவு. தடிமனைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் வயதுக்கும் வருத்தத்துக்கும் தடிமனை விடப் பெரிய விஷயங்களைப் பற்றித்தான் சொன்னது.

அப்புறம், காளானை விரும்பினால் காளானையே சாப்பிடலாமே? கோப்பாய்ப் பக்கம் வீட்டில் சிப்பிக் காளான் வளர்த்து விற்கும் ஒரு அக்கா எனக்குத் தெரிந்தவர். 100 கிராம் காளானில் 90 கிராம் தண்ணீர் என்று வைத்தாலும், மிச்சம் 10 கிராமில் ஒன்றிரண்டு கிராமாவது பீற்றா குளுக்கன் தேறும். அண்ணாவின் கப்சூல் சொல்லும் 300 மில்லிகிராமுக்குப் பல மடங்கு. கப்சூலின் பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: காளானின் கலச்சுவர் கடினமானது, கொதிநீரில் சாறு எடுத்தால் பீற்றா குளுக்கன் வெளியே வரும். சமையலிலும் சூடும் தண்ணீரும்தான் இருக்கின்றன, குழம்பாக வைத்துத் தண்ணீரை ஊற்றாமல் சாப்பிட்டால் பெரிய நட்டமில்லை. சிப்பிக் காளானைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, நன்றாக வேகவேண்டும்.

வெந்தயம் பற்றி மாமியும் கேட்டார். விதையில் கால் பங்குக்கு மேல் கலக்ரோமன்னன், சாப்பாட்டுக்குப் பிறகு சீனி ஏறும் வேகத்தைக் குறைக்கும். குழம்பிலும் பால் சொதியிலும் போடும் அளவு சரி. கரண்டி கரண்டியாகத் தூள் விழுங்கினால் சீனிக் குளிசையோடு சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கலாம், வோபரினோடும் மோதலாம்.

எங்கள் வீட்டில் இப்போது

காலையில் இரண்டு நாள் குரக்கன் புட்டு, மூன்று நாள் ஓட்ஸ் கஞ்சி. ஓட்ஸை இனிப்பாகக் கொடுத்தபோது "பசை கரைச்சு வைச்ச மாதிரி" என்று தள்ளிவிட்டார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய்ப்பால் போட்டு உப்புக் கஞ்சியாக வைத்த பிறகு கோப்பை காலி. கிழமையில் இரண்டு தரம் சிப்பிக் காளான் குழம்பு. மாதம் இரண்டு தரம் கூழ். நாரை ஒரேயடியாகக் கூட்டியதால் முதல் கிழமை வயிறு ஊதிக்கொண்டு அம்மா என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. மெதுவாகக் கூட்டி, தண்ணீரும் கூடக் குடித்திருக்க வேண்டும். அது என் பிழை.

எல்லாருக்கும் இதே முடிவு பொருந்தாது. வோபரின் போன்ற குளிசை எடுக்காத, திடமான ஒருவர் தரமான காளான் கப்சூல் வாங்கினால் பெரிதாகக் கெடப்போவதில்லை, காசுதான். கீமோவில் இருப்பவர் புற்றுநோய் டொக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. சிறுநீரகம் மாற்றியவர், முடக்கு மூட்டுவாதம் போல உடம்பே தன்னைத் தாக்கும் வருத்தம் உள்ளவர் ஆகியோருக்கு நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் பொருளே வேண்டாம். அவர்களுடைய டொக்டர்மார் அதை அடக்கத்தான் குளிசை கொடுக்கிறார்கள். மெல்ல முடியாத வயதானவர்களுக்கு இசப்கோல் உமி நல்லது, தண்ணீர் நிறையக் குடித்து, மற்றக் குளிசைகளிலிருந்து இரண்டு மணித்தியாலமாவது தள்ளி.

தடிமனைப் பற்றிக் கிளினிக் டொக்டர் சொன்னது இரண்டு விஷயம்: சீனி கூடி நின்றால் வெண்குருதிக் கலங்கள் மந்தமாகிவிடும், முதலில் அதை இறக்குங்கோ; மற்றது, வருடம் ஒருமுறை இன்புளுவென்சா ஊசி போடுங்கோ. பல்சக்கரைட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஊசி போட்டாயிற்று.

அண்ணா போன கிழமை அழைத்தார். கப்சூலை என்ன செய்தாய் என்று கேட்டார். ஒரு போத்தலை உடைக்காமல் வைத்திருக்கிறேன், வரும்போது திருப்பிக் கொண்டுபோங்கோ என்றேன். மற்றது ஆய்வுகூட அலுமாரியில், அயடீன் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த தவணை மாப்பொருள் பரிசோதனைக்கு உருளைக்கிழங்கு வாங்கத் தேவையில்லை. அம்மா போனை என்னிடமிருந்து பறித்து, "தம்பி, தை மாசம் கிழங்கு கிண்டுவினம். ஒடியல் போட்டு அனுப்பிறன், உனக்கும் வயசு போகுதெல்லே" என்றார்.